ஆறு சந்தனப் பொட்டு

கடையில் பாக்கெட் போட்டு விற்கிற சந்தனப் பொடியை நம்பாதீர்கள், மேடம். பாதி மரத்தூள், மீதி சென்ட். குழைத்தால் குழையும், வைத்தால் ஒட்டும், காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நல்ல கட்டையாக வாங்கிக் கல்லில் இழைக்க வேண்டும். அந்தச் சந்தனம் காய்ந்தால் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகிக்கொள்ளும். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்று ஏட்டையா பார்க்கிறார். காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

டீ வேண்டாம். தண்ணீர் போதும்.

என் பெயர் அழகுசுந்தரம். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். போர்டில் 'ஹெரிடேஜ் ஆன்டிக்ஸ்' என்று இருக்கும். அது பெயின்டரின் ஆசை. கொத்தமங்கலம் பக்கம் பெரிய வீடுகளில் பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது, யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களை மொத்தமாகப் பேசி எடுப்பேன். போதாததற்குப் புதுப் பித்தளைச் செம்பு வாங்கி, சாணியில் புதைத்து, ஒரு மழைக்காலம் கழித்துத் தோண்டுவேன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அதைக் கையில் ஏந்திக் கண்கலங்குவார்கள். 'இதில்தான் எங்க முன்னோர் தண்ணி குடிச்சிருப்பாங்க' என்பார்கள். நான் மறுத்ததில்லை. பழைய பொருளுக்குப் பொய்க்கதை கட்டுவது என் தொழில். அதனால்தான் இன்னொருவர் அதை இலவசமாகச் செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விஜயதசமியன்று காலையில் புதுவயல் ரைஸ் மில் ஒன்றில், மில் லாரியின் டிரைவர் சோணை, முதலாளி மாயக்கண்ணனின் ரிவால்வர் வெடித்துச் செத்துப்போனார். மாயக்கண்ணனை நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். நேற்று ஒரு பேப்பரில், 'பழுதடைந்த பழங்காலத் துப்பாக்கி தானாக வெடித்ததில் டிரைவர் பலி' என்று போட்டிருந்தது. மாயக்கண்ணனும் தன் வக்கீலிடம் அதையேதான் சொல்கிறாராம். 'ஓட்டைத் துப்பாக்கி சார், அதுவா வெடிச்சிருச்சு' என்று.

அதைத் திருத்தத்தான் வந்தேன். அந்த ரிவால்வரில் ஒரு பழுதும் கிடையாது.

போலீசிடம் சொல்கிற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பது எனக்கும் தெரியும். நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் இதையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். ஒரு ஒத்திகை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

மாயக்கண்ணனைப் பற்றி ஊரே சொல்லும். இருந்தாலும் என் பங்குக்கும் கொஞ்சம் சொல்கிறேன். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். யாருக்கும் கெடுதல் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் தன் பெயருக்கு முன்னால் காலி இடம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. முதலில் 'அரிசி வள்ளல்' என்று போட்டுக்கொண்டார். பிறகு எந்தப் பல்கலைக்கழகமோ, வாட்ஸ்அப்பில் மட்டுமே இருக்கிற ஒன்று, அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அதற்கு வைத்த ஃப்ளெக்ஸ் மழையில் கிழிந்து, டாக்டர் மாயக்கண்ணனின் தலை ஒரு பக்கமும் பட்டம் ஒரு பக்கமும் தொங்கியபோதுகூட இறக்க விடவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனால் சட்டை லேசாக மேலேறுகிற மாதிரி கையைத் தூக்கிக் கும்பிடுவார். இடுப்பில் இருக்கிற ரிவால்வர் தெரிய வேண்டும். அதற்காகவே அவருக்குக் கும்பிடுகிற பழக்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

ரிவால்வருக்கு ஒரு கதை வைத்திருந்தார். பிரான்மலையில் அவருடைய அப்பா ஒரு சிறுத்தையைச் சுட்டதைப் பார்த்து வெள்ளைக்காரக் கலெக்டர் கழற்றிக் கொடுத்ததாம். நான் முதன்முதலில் கேட்டபோது அது காட்டுப்பன்றி. அப்புறம் சிறுத்தையாயிற்று. சென்ற வருஷம் சிறுத்தைக்கு ஜோடியும் சேர்ந்திருந்தது. உண்மை என்னவென்றால், பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த ரிவால்வர் அது. கொத்தமங்கலத்தில் அந்த வீட்டைக் காலி செய்தபோது, மாயக்கண்ணனின் அப்பா முறையாக லைசென்ஸ் மாற்றி வாங்கினார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வீட்டின் மற்ற சாமான்களை எடுத்தது என் அப்பா. சிறுத்தை என்று எதுவும் அந்தச் சாமான்களில் இல்லை.

எனக்குத் துப்பாக்கி மேல் எந்தப் பிரியமும் இருந்ததில்லை. அது வந்தது உங்கள் ஆட்களால்தான், மேடம். குறையாகச் சொல்லவில்லை. போன தேர்தலுக்கு லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் வழக்கம்போல ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள் அல்லவா. திரும்ப வாங்கும்போது ரிவால்வரில் துரு ஏறியிருந்தது. மாயக்கண்ணன் அதைத் துணியில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார்.

"ஏவாரி, ஒங்க செம்பு கொடமெல்லாம் தேய்ப்பீகள்ல, இதையும் கொஞ்சம் தேச்சு வையிங்க," என்றார்.

லைசென்ஸ் இல்லாத என் கையில் அவர் கொடுத்தது குற்றம், நான் வாங்கியது குற்றம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் விடப்போவதில்லை.

துருவை எடுக்க எடுக்க அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. எப்படிச் சொல்ல. என் கடையில் இருக்கிற பொருள் எல்லாமே ஏதோ ஒன்றாக நடிக்கிறது. செம்பு பழசாக நடிக்கிறது, தேக்கு மாதிரி வேம்பு நடிக்கிறது, நான் அறிஞனாக நடிக்கிறேன். இது நடிக்கவில்லை. மேலே ஒரு தாழ்ப்பாள். அதை அமுக்கி மடக்கினால் முழுத்துப்பாக்கியும் முதுகொடிந்து திறந்துகொள்ளும். ஆறு அறைகளும் கண்ணுக்கு முன்னால். உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒளிக்க இடமே கிடையாது. பிடியின் மரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. கட்டைவிரல் அங்கே தானாகப் போய் உட்காரும். எவரோ ஒருவர் பல வருஷம் பிடித்த பிடி.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு யூடியூப் பார்ப்பேன். நரைத்த தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் வருவார்கள். எல்லாரும் சொல்வது ஒரே கதைதான். புதுப் பிஸ்டல்களையெல்லாம் வாங்கிப் பார்த்துச் சலித்துப்போய், மறுபடி பழைய ரிவால்வருக்கே திரும்பிவிட்டோம் என்பார்கள். ஏன் என்றும் சொல்வார்கள். பிஸ்டலில் ஒரு தோட்டா வேலை செய்யாவிட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆள் நின்றுகொண்டு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ரிவால்வர் அப்படி இல்லை. ஒன்று ஏமாற்றினால், மறுபடி விசையை அழுத்து. அறை சுற்றி அடுத்தது வந்து நிற்கும். கோபப்படாது, கேள்வி கேட்காது. மனிதர்களில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அதைச் சுத்தம் செய்வது என் பொறுப்பாயிற்று. இத்தனை வருஷம் இடுப்பில் சுமந்தும் மாயக்கண்ணனுக்கு அதைத் திறக்கவே தெரியாது. நம்ப மாட்டீர்கள். தோட்டா ஒரு டப்பாவில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், ரிவால்வர் காலியாக இடுப்பில் இருக்கும். மனிதரும் அப்படித்தான்.

ஆயுத பூசை புதுவயல் மில்களில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார், தராசு, லாரி, நெல் கிளறுகிற பலகை வரைக்கும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து விடுவார்கள். அன்றிலிருந்து எதையும் தொடக்கூடாது. மறுநாள் காலை மறுபூசை முடிந்த பிறகு ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். மோட்டாரை ஒரு சுற்று, லாரியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு அடி. மாயக்கண்ணனின் மில்லில் ரிவால்வரும் பூசைக்கு வரும். அதையும் ஒரு தடவை இயக்கித்தானே ஆக வேண்டும். வானத்தைப் பார்த்து அழுத்தினால் போதாதா. அவருக்குப் போதாது. காலி ரிவால்வரைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, 'டிக்' என்று அழுத்துவார். ஜனம் கைதட்டும். பிறகு, "யாருக்குய்யா தெம்பு இருக்கு?" என்று நீட்டுவார். எவராவது ஒருவர் வாங்கி அழுத்துவார். அது ஒரு சடங்காகிவிட்டது.

முந்தின வருஷம் என்னிடம் நீட்டினார்.

"ஏவாரி, வாங்க. பழைய சாமான் ஒங்களுக்குப் பழகுனதுதானே."

வாங்கினேன். காலி என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் நானே துடைத்து, நானே மூடியது. நெற்றியில் வைத்தேன். கை நடுங்கியது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. நன்றாகவே நடுங்கியது. குழல் நெற்றியில் தந்தி அடித்தது.

மாயக்கண்ணன் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. மோட்டார் பக்கம் திரும்பி, "ஏப்பா, கரண்டு மில்லுக்கு வந்துருச்சா, ஏவாரிக்கு வந்துருச்சா?" என்று கேட்டார்.

களத்தில் நெல் கிளறுகிற பொன்னுத்தாயி, "சும்மா இருங்க மொதலாளி, பாவம், அவுகளுக்குக் குளுருதோ என்னமோ," என்றாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அரிசி வாங்க வந்திருந்த அபூபக்கர் ராவுத்தர், பெரிய மனிதர், துண்டால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் நன்றாக இருக்காது.

நல்ல ஜோக்குகளுக்குக் கால் உண்டு, மேடம். புதுவயலில் சொன்னது எனக்கு முன்னால் காரைக்குடிக்கு வந்து சேர்ந்திருந்தது. டீக்கடையில், "அண்ணனுக்குப் பாதி டம்ளர் ஊத்து, முழுசா ஊத்துனா மீதியக் கையி ஊத்திரும்," என்றார்கள். கடைக்கு வந்த ஒருவர் பீங்கான் ஜாடியைக் காட்டி, "நீங்க எடுக்காதீக, நானே எடுத்துக்கிறேன்," என்றார். வருஷம் முழுக்க இப்படி. எனக்கு வருத்தம் இல்லை. ஊதிப்போன ஒன்றைக் குத்திச் சுருக்குவதுதான் எனக்கும் பிடித்த வேலை. இதில் சுருங்கியது நான் என்பதுதான் வித்தியாசம்.

சோணையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அன்றைக்கு என்னைக் காரைக்குடிக்கு லாரியில் கொண்டுவந்து விட்டது அவர்தான். கண்டரமாணிக்கத்துக்காரர். வாயில் எப்போதும் ஏதாவது பாட்டு. நான் இறங்கும்போது சொன்னார்.

"விடுங்கண்ணே. எனக்கும் கையி ஆடத்தான் செய்யும். ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கேனா, லாரிதேன் ஆடுதுன்னு ஊருல நெனச்சுக்கிறாய்ங்க."

அதைக் கேட்டு உண்மையாகவே சிரித்தேன். அந்த வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் ஆனியில், அதே கொத்தமங்கலம் வீட்டின் கடைசிப் பங்காளி மிச்ச மீதியைக் காலி செய்தார். பரண் சாமான்கள் என்னிடம் வந்தன. அவற்றில் ஒரு பிஸ்கட் டின். ஆட்டிப் பார்த்தால் கனமாகச் சத்தம் வந்தது. திறந்தேன். தோட்டாக்கள். பித்தளை பச்சை பிடித்திருந்தது. அந்த ரிவால்வருக்கானவை. ஒரு வீட்டில் ஒன்றாக இருந்து, ஒன்று புதுவயலுக்கும் ஒன்று பரணுக்கும் பிரிந்து போனவை. அப்போதே அந்த டின்னை இங்கே கொண்டுவந்து ஒப்படைத்திருக்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்காததற்குக் காரணம், அவை செத்த தோட்டாக்கள் என்று நினைத்தேன். என் வயதைவிட மூத்தவை. எந்த மருந்து இத்தனை காலம் உயிரோடு இருக்கும்.

ஆவணியில் மாயக்கண்ணன் கடைக்கு வந்தார். புதுப் பிஸ்டல் ஒன்றுக்கு அனுமதி கேட்டிருந்தார், கிடைக்கும் போலிருந்தது. கறுப்பாக, பிளாஸ்டிக் பிடி வைத்த ஒன்று. போனில் படம் காட்டினார். பார்ப்பதற்கு மிக்சியோடு இலவசமாகக் கொடுக்கிற சாமான் மாதிரி இருந்தது.

"அப்ப பழசு?" என்று கேட்டேன்.

"பர்மிசன் வாங்கிட்டு, இனிமே சுட முடியாம ஓட்ட போட்டு, கொழல்ல ஈயத்த ஊத்தி, ஆபீசுச் செவத்துல மாட்டிரலாம்னு இருக்கேன். சுத்தி எல்.இ.டி. லைட்டு. கீழ ரெண்டு சிறுத்தப் படம். எப்பிடி?"

நன்றாக இருக்கும் என்றேன்.

"இந்த ஆயுத பூசதேன் அதுக்குக் கடேசி. நல்லாத் தொடச்சு வையிங்க ஏவாரி," என்றார். போகும்போது வாசலில் நின்று, "கையி பத்திரம்," என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை. ரிவால்வர் என்பது ஒரே ஒரு காரியத்துக்காகச் செய்யப்பட்டது. அதை இடுப்பு நகையாக, பூசை சாமானாக, கடைசியில் சீரியல் லைட்டுக்கு நடுவில் தொங்குகிற பொம்மையாக ஆக்குவது என்ன நியாயம். சுவருக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அது தன் குரலில் பேசட்டும் என்று தோன்றியது. செத்த மருந்து. மிஞ்சிப்போனால் 'புஸ்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. டாக்டர் மாயக்கண்ணன் அத்தனை பேர் முன்னாலும் வேட்டி அவிழத் துள்ளுவார். ஊர் சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரித்ததை மறந்துவிடும். என் திட்டம் இவ்வளவுதான். இதில் கொலை எங்கே இருக்கிறது.

சுத்தம் செய்ய வந்த ரிவால்வரில் தோட்டா போட்டேன். பகலில், கடை மேஜையில் வைத்துத்தான். மூடினேன். பின்பக்கம் ஒன்றும் தெரியாது. முன்பக்கம் பார்த்தால் அறைகளின் வாய் தெரியும், உள்ளே ஈயத்தின் மூக்கு தெரியும். அதற்குத்தான் சந்தனம்.

ஒவ்வொரு அறை வாயிலும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஆறு பொட்டு, வட்டமாக. பூ மாதிரி இருக்கும். முந்தின வருஷமே அழகுக்காக அப்படி வைத்திருந்தேன், எல்லாருக்கும் பிடித்திருந்தது. அதனால் இந்த வருஷம் யாரும் புதிதாகப் பார்க்கவில்லை. அன்று பாக்கெட் சந்தனம், காலைக்குள் உதிர்ந்துவிட்டது. இந்த முறை கட்டை வாங்கி நானே இழைத்தேன். பூசைக்கு முன்னால் மில்லில் உட்கார்ந்து மோதிர விரலால் ஒவ்வொன்றாக வைத்தேன். பொன்னுத்தாயி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "கையி ஆடவே இல்லையேண்ணே," என்றாள். உண்மைதான். ஆடவில்லை.

பூசையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். கும்பிட்டுக்கொண்டு மட்டும் போவார்கள். சோணைகூட லாரிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு அதற்கும் ஒரு சுற்று காட்டினார்.

விஜயதசமி காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. மறுபூசை, பொரிகடலை, பூசணிக்காய். மோட்டாரைப் போட்டார்கள். மில் முழுக்கக் கிடுகிடுவென்று அதிர்ந்தது. அபூபக்கர் ராவுத்தருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மாயக்கண்ணன் ரிவால்வரை எடுத்தார். பழசுக்கு இன்றோடு ஓய்வு என்று கொஞ்சம் பேசினார். சிறுத்தைகள் வந்து போயின. பிறகு நெற்றிப்பொட்டில் வைத்தார். நான் மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

அழுத்தினார். டிக்.

முந்தின வருஷத்து டிக்கைவிடச் சற்றுத் தடித்த டிக். அது என் காதுக்கு மட்டும்தான் தெரிந்தது. அறை சுற்றியபோது ஒரு பொட்டிலிருந்து கொஞ்சம் சந்தனம் உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. ஜனம் கைதட்டியது. அவர் என்னைத் தேடினார்.

"எங்கய்யா ஏவாரி? வாங்க. போன வருசக் கணக்கத் தீர்த்துருவோம்."

ரிவால்வரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. காலியாக இருக்கும்போது இருக்கிற கனத்தைவிடக் கூடுதல். அவருக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் மாயக்கண்ணனாக இருக்க மாட்டார்.

எல்லாரும் என் கையைத்தான் பார்த்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. எவரோ பின்னாலிருந்து, "மோட்டார அணைச்சுருங்கப்பா, அண்ணன் ஆடுனாத் தெரியாது," என்றார்.

அப்போது சோணை முன்னால் வந்தார். லாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மொதலாளி, அண்ணன விடுங்க. அவுக காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. இங்குட்டுக் குடுங்கண்ணே. நான் ஒரு டிக்க வச்சுட்டு லாரிய எடுக்கணும், தேவகோட்டையில லோடு நிக்கிது."

கொடுத்தேன். பிடியை அவர் பக்கமும் குழலை என் பக்கமுமாகத் திருப்பிக் கொடுத்தேன். ஆயுதத்தைக் கைமாற்றுகிற மரியாதை அதுதான்.

நேரம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அவர் வாங்கி, முதலாளி மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி நடித்துக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தன. "ஆத்தா, இந்த வருசம் லாரிக்கு ஒத்தத் தடவையில எஃப்.சி. கெடைக்கணும்," என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். 'வை கீழே' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். ஏன் என்று மாயக்கண்ணன் கேட்பார். நான் சொல்வதற்கு முன்னால் அவரே, 'பாத்ததுக்கே ஏவாரிக்குக் கரண்டு வந்துருச்சு' என்பார். அதையும் யோசித்தேன். தவிர, முதல் தோட்டா ஏமாற்றிவிட்டது. எல்லாமே செத்தவைதான் என்று அந்த டிக்கிலேயே முடிவு செய்திருந்தேன்.

சத்தத்தில் பாதியை மோட்டார் விழுங்கிவிட்டது. உமி பறந்தது. பின்னால் நின்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் என்ன நடந்ததென்றே தெரியவில்லை, இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாயிதான் முதலில் கத்தினாள். மாயக்கண்ணன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, "அம்மா, அம்மா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேட்டி நனைந்திருந்தது. நான் பார்க்க விரும்பியது ஏறக்குறைய அதுதான். பார்த்தபோது எதிர்பார்த்த அளவு திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிவால்வர் உமியில் விழுந்து கிடந்தது. எடுத்துத் துடைக்க வேண்டும் போலிருந்தது. கைரேகை நினைவு வந்தது, விட்டுவிட்டேன். உங்கள் ஆட்கள் வந்தபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சாட்சி சொன்னேன். அது பொய். எழுதிக்கொள்ளுங்கள்.

கண்டரமாணிக்கத்துக்குத் துட்டி விசாரிக்கப் போனேன். சோணையின் மனைவி பாண்டீஸ்வரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தது. நான் பயந்தது போல எதுவும் கேட்கவில்லை.

"ஒங்களுக்கு நீட்டுனதத்தேன் இவுக வாங்குனாகளாமேண்ணே," என்றது. "போகட்டும். ஒங்க உசுராச்சும் தப்புச்சே. அவுகளும் அத நெனச்சுத்தேன் வாங்கிருப்பாக."

தலையாட்டினேன். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். டம்ளரில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அன்றைக்கே உங்களிடம் வந்திருக்கலாம் என்கிறீர்கள். வந்திருக்கலாம். சோணைக்காக வந்தேன் என்று எழுதினால் படிப்பதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் வாக்குமூலத்தில் பொய் கூடாது. பேப்பரில் 'பழுதடைந்த' என்று போட்டிருந்ததைப் படித்தபிறகுதான் என்னால் உட்கார முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்து, பச்சை பிடித்த தோட்டாவோடு, ஒரு குறையும் இல்லாமல் தன் வேலையைச் செய்த ஒன்று. அதைப் பழுது என்று எழுதுகிறார்கள். மாயக்கண்ணன் அதைச் சொல்லி ஜாமீனில் வந்துவிடுவார். நாளைக்கு ஃப்ளெக்ஸ் போடுவார். என்னால் அதைத் தாங்க முடியாது.

இப்போது நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். மூன்று கேட்டீர்கள்.

'எல்லாத் தோட்டாவும் செத்தவை என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், உங்களிடம் நீட்டியபோது நீங்களே ஏன் அழுத்தவில்லை' என்றீர்கள். நியாயமான கேள்வி. என் கை நடுங்கும், மேடம். ஊருக்கே தெரியும்.

சோணையிடம் கொடுக்கும்போது நடுங்கியதா என்றீர்கள். இல்லை. ஒருவேளை முன்விரோதம் ஏதும் இல்லாத ஆள் என்பதால் இருக்கலாம்.

கடைசிக் கேள்வியை ஏட்டையா மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அதுதான் நல்ல கேள்வி. மாயக்கண்ணனைத் துள்ள வைப்பதுதான் நோக்கம், 'புஸ்' என்று ஒரு சத்தம் போதும் என்றால், ஒரு தோட்டா போதாதா, ஆறு அறையையும் எதற்கு நிரப்பினாய் என்றார்.

எல்லாம் பழைய தோட்டா, ஏட்டையா. ஒன்று ஏமாற்றினால் அடுத்தது வந்து நிற்க வேண்டாமா. அதற்குத்தானே ரிவால்வர்.